சோளகத்தில் திறந்த இறங்குதுறை

காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு என் கைத்தொலைபேசி அடித்தது. நான் அப்போது புதிய இறங்குதுறையின் மேல், மேடைக்கு விரித்த சிவப்புக் கம்பளத்தின் ஓரங்களைக் கல் வைத்து அமர்த்திக்கொண்டிருந்தேன். காற்று அதைப் புரட்டிக்கொண்டே இருந்தது. கம்பளத்தைப் புரட்டுகிற காற்று படகை என்ன செய்யும் என்று யோசிக்கப் பட்டப்படிப்பு தேவையில்லை. எனக்குப் பட்டம் இருந்தது. யோசனைதான் இல்லை.

பேசியவர் பிரதம விருந்தினரின் செயலாளர். "மேடம், ஐயா மடு மாதா கோயில்ல பூசை முடிஞ்சுதான் வெளிக்கிடுவார். ஒரு மணித்தியாலம் பிந்தும். போட் எல்லாம் வெளியிலேயே நிக்கட்டும். ஐயா வந்து கதிரையில இருந்தாப் பிறகு உள்ள வந்தால்தான் படம் வடிவா வரும்."

"ஓம் சேர்," என்றேன்.

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் நீங்கள், நான் திட்ட உத்தியோகத்தராக இருந்த கந்தோரின் ஆண்டு மலருக்கு வழிகாட்டலாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். என்னிடம் இருக்கிற ஒரே வழிகாட்டல் அந்த "ஓம் சேர்" பற்றியது. இப்படியான மலர்களில் ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதை நானும் வாசித்திருக்கிறேன். எல்லோரும் பாடுபட்டிருக்கிறார்கள், எல்லோரும் நேர்மையாக இருந்திருக்கிறார்கள், எல்லாத் திட்டங்களும் வெற்றி பெற்றிருக்கின்றன. அப்படியென்றால் எங்கள் கரை ஏன் இப்படிக் கிடக்கிறது என்று மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை.

எங்கள் ஊரின் அபிவிருத்தி வரலாறு என்று மாவட்டக் கைநூலுக்கு ஒரு பக்கம் எழுதியவளே நான்தான். அதை நீங்கள் நேர்முகப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பீர்கள். அது பொய். உண்மை இன்னும் சுருக்கமானது.

மன்னார்த் தீவு ஒடுக்கமானது. தென்கரையில் ஒரு கடல். உழவு இயந்திரத்தில் ஏறி ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் போனால் வடகரையில் இன்னொரு கடல். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் குளம்போலக் கிடக்கும். வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் எல்லாம் மாறிவிடும். ஆகவே எங்கள் சனம் வருடத்தில் பாதியைத் தென்கரையில் கழிக்கும். மற்றப் பாதிக்குப் படகு, வலை, இயந்திரம், சட்டி பானை எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வடகரைக்குப் போய்க் கிடுகு வேய்ந்த வாடிக் குடிசை போட்டு இருக்கும். ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகு முதலில் வந்தது ஐஸ் தொழிற்சாலை. இடம் பார்க்க வந்தவர்கள் தை மாதத்தில் வந்தார்கள். தென்கரை நிறையப் படகு நின்றது. அங்கேயே கட்டினார்கள். இயந்திரம் பூட்டி முடிந்தபோது வைகாசி; கரையில் ஒரு படகு இல்லை. பல வருடங்களுக்குப் பிறகு மீன் ஏல மண்டபம் வந்தது. அதற்கு இடம் பார்த்தவர்கள் ஆவணியில் வந்தார்கள். வடகரையில் கட்டினார்கள். இப்படியாக ஐஸ் ஒரு கடலிலும் ஏலம் மற்றக் கடலிலும் நடக்க ஏற்பாடாயிற்று. பிறகு சண்டை வந்தது. ஏல மண்டபத்தில் இடம்பெயர்ந்த சனம் இருந்தது, பிறகு ஆமி இருந்தது, பிறகு கழுதைகள் இருந்தன. அந்தக் கட்டடத்தை ஒழுங்காகப் பயன்படுத்தியவை கழுதைகள்தான். வெயிலுக்கு உள்ளே வரும், மாலையில் வெளியே போகும்.

சண்டைக் காலத்தில் எருக்கலம்பிட்டி முஸ்லிம் மீன் வியாபாரிகளை ஊரைவிட்டே துரத்திவிட்டார்கள். இருபது வருடம் புத்தளத்துப் பக்கம் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள், வந்த கிழமையே காற்றைப் பார்த்துச் சரியான கரைக்குச் சைக்கிளைத் திருப்பினார்கள். ஒரு நாளும் ஊரைவிட்டுப் போகாத எங்கள் கந்தோருக்கு அது முடியவில்லை. எங்கள் திட்டப் படிவத்தில் பயனாளிகளுக்கு ஒரு கட்டம் உண்டு, சுற்றாடலுக்கு ஒரு கட்டம் உண்டு, பெண்கள் பங்களிப்புக்கு ஒரு கட்டம் உண்டு. காற்றுக்கு இல்லை.

சண்டை முடிந்து சில வருடங்களில் இறங்குதுறை வந்தது. மீண்டும் தென்கரை. கொங்கிறீட் மேடை, இரண்டு பக்கமும் அலையைத் தடுக்கக் கல்லணை, நடுவில் படகு நுழைய ஒடுக்கமான வாய். வாடைக் காலத்துக்கு அது பரவாயில்லை. மாசியில் திறந்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது. பிரதம விருந்தினர் ஆவணி மாத மடுத் திருவிழாவுக்கு வருகிறவர். ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று கொழும்பில் யாரோ நினைத்தார்கள். நல்ல சிக்கனம்.

எனக்கு வேலை பழக்கிய மேலதிகாரி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் உங்களோடு வேலை செய்யக்கூடும். "பிள்ளை, படம் எடுத்தாச்செண்டால் திட்டம் முடிஞ்சுது," என்பார். நான் அதைச் சிரித்துக்கொண்டு கேட்டேன், பிறகு சிரிக்காமல் பின்பற்றினேன்.

திறப்பு விழாவுக்கு எட்டுப் படகுகள் கொடி கட்டி, வரிசையாகக் கடலிலிருந்து உள்ளே வரவேண்டும் என்று உத்தரவு. படகுகளோ வடகரையில். நான் மீனவர் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். தலைவர் சூசையண்ணை வலை முடிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"மிஸ், உங்கட கந்தோரில கலண்டர் இருக்கோ?"

"ஏன்?"

"இல்லை, ஆவணி எண்டு அதில போட்டிருக்குதோ எண்டு கேட்டனான்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, ஒத்துழைக்கிற சங்கங்களுக்குத்தான் வலை உதவிப் பட்டியலில் முதலிடம் என்று சொன்னேன். அது மிரட்டல். நாங்கள் அதை ஊக்குவிப்பு என்று அறிக்கையில் எழுதுவோம். சிரிப்பு நின்றது.

"விடியக்காலமை எண்டால் ஏலும்," என்றார் சூசையண்ணை கடைசியில். "எட்டு மணிக்குள்ள நாங்கள் உள்ள வந்திட வேணும். வெயில் ஏற ஏறக் காத்தும் ஏறும். பிறகு அந்த வாய்க்குள்ள ஆரும் வரேலாது. அதுவும் மனமில்லாமல்தான் சொல்லுறன். கேட்டால் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன்."

"ஐயா ஏழரைக்கே வந்திடுவார் அண்ணை. முதல் படகில பள்ளிக்கூடப் பிள்ளையள் நாலு பேர் கொடியோட நிப்பினம்."

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். "ஆற்ற பிள்ளையள்? உங்கட பிள்ளையை ஏத்துவீங்களோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஏன் ஏத்தமாட்டன்?" என்றேன்.

என் மகள் டிலானிக்கு அப்போது பதினேழு வயது. அவளுடைய அப்பாவுக்கு வவுனியாவில் வேலை, வாரக்கடைசியில்தான் வருவார். பாடசாலை நாலு பிள்ளைகளைத் தெரிவு செய்து சம்மதக் கடிதம் கொடுத்தனுப்பியது. மற்ற மூன்று தாய்மாரும் கையெழுத்து வைக்கவில்லை. மூவரும் கடற்கரைப் பெண்கள். நான் வைத்தேன். அதே தாளின் அடியில் அனுமதி வழங்கும் உத்தியோகத்தர் என்ற இடத்திலும் நானே வைத்தேன். ஒரே பேனை.

முதல் நாளே உழவு இயந்திரத்தில் தென்கரைக்குக் கொண்டுவந்திருந்த படகுகளை அன்று விடிய ஐந்தரைக்குத் தள்ள ஆயத்தமானபோது சூசையண்ணை மேடைப் பக்கம் வந்தார். அங்கே அறுபது உயிர்காப்பு அங்கிகள் செம்மஞ்சள் நிறத்தில், பொலித்தீன் உறையோடு, நாடா கட்டி அடுக்கியிருந்தன. விழாவில் மீனவர்களுக்கு வழங்குவதற்காக வந்தவை.

"மிஸ், இதில ஒரு பத்தைத் தாங்கோ. வந்தவுடன துடைச்சுத் திருப்பித் தாறம்."

"அண்ணை, உறை பிரிச்சால் அவர் எப்பிடி அண்ணை குடுக்கிறது? இன்னும் இரண்டு மணித்தியாலத்தில உங்கட கையிலதானே வரப்போகுது."

"பிள்ளைக்கெண்டாலும் ஒண்டைத் தாங்கோவன்."

ஒன்றைப் பிரித்தால் அடுக்கு சரியும், எண்ணிக்கை பிழைக்கும், மற்றவர்களும் கேட்பார்கள் என்று நான் நினைத்தேன். உண்மையாகவே அந்த ஒழுங்கில்தான் நினைத்தேன். டிலானி படகின் முன்னணியத்தில் வெள்ளைச் சீருடையோடு நின்று, "அம்மா, எனக்கு நீந்தத் தெரியும்தானே," என்று கத்தினாள். அவளுக்கு நீச்சல் பழக்கியது ஊர்க் குளம் ஒன்றில், இடுப்பளவு தண்ணீரில்.

அதன் பிறகுதான் நான் தொடக்கத்தில் சொன்ன ஏழு இருபது. "ஓம் சேர்" என்றுவிட்டு சூசையண்ணைக்கு அழைத்தேன்.

"மிஸ், காத்து எழும்புது. நாங்கள் இப்ப வாறம்."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. அவருக்குப் பிந்துது. அரை மணித்தியாலம்தான்."

செயலாளர் சொன்னது ஒரு மணித்தியாலம். பாதியாக்கியது நான். கேட்கிறவருக்கு இதமாக இருக்கட்டும் என்று நாங்கள் எண்களைக் குறைப்போம். அது எங்களுக்குப் பழக்கம்.

தொலைபேசியில் இயந்திரச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன. பிறகு அவர் சொன்னார்: "மிஸ், உங்கட பிள்ளை என்ர படகில நிக்குது. நீங்கள் நில் எண்டு சொல்லுறீங்கள். நான் நிக்கிறன்."

அந்த இடத்தில் நான் "வாங்கோ" என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். படகுகள் வந்திருக்கும், படம் வந்திராது. என்னை முல்லைத்தீவுக்கோ வேறெங்கோ மாற்றியிருப்பார்கள். நான் அதையெல்லாம் கணக்குப் பார்க்கவும் இல்லை. பயந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மேலிடத்திலிருந்து வந்த குரல் காதுக்குள் இன்னும் இருந்தது, அவ்வளவுதான். அழுத்தமான நேரத்தில் தீர்மானம் எடுப்பது பற்றி உங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைப்பார்கள், மதியச் சாப்பாட்டோடு. நான் போய்ச் சான்றிதழும் வாங்கியவள். அழுத்தமான நேரத்தில் நான் எந்தத் தீர்மானமும் எடுக்கவில்லை. எடுக்கப்பட்ட தீர்மானத்தைக் கடலுக்கு அறிவித்தேன்.

எட்டே காலுக்குச் செயலாளரிடமிருந்து: "ஐயா வெளிக்கிட்டார்." எட்டு ஐம்பது: "முருங்கனில மறிச்சு மாலை போடுகினம், கொஞ்சம் பிந்தும்." விருந்தினர் எந்தச் சந்தியைக் கடந்தார் என்று எனக்கு நிமிடத்துக்கு நிமிடம் தெரிந்திருந்தது. என் மகள் நின்ற படகு எவ்வளவு ஆடுகிறது என்று தெரியவில்லை. இத்தனைக்கும் அது கண்ணுக்கு முன்னால் இருந்தது. நான் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்குச் சற்றுப் பிந்தி சூசையண்ணை என்னிடம் கேட்காமலே திருப்பினார். எட்டுப் படகும் கரை நோக்கி வந்தன. கொடிகளில் பாதி கிழிந்துவிட்டன. கல்லணையின் வாயில் அலை எழுந்து வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. காலையில் அங்கே அலை இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. முதல் படகு வாய்க்கு நேரே வந்தது. பின்னாலிருந்து ஒரு அலை அதைத் தூக்கிக் குறுக்கே திருப்பியது. வெள்ளைச் சட்டை ஒன்று முன்னணியத்தில் குந்தியிருந்தது, பிறகு தெரியவில்லை. படகு கல்லில் மோதாமல் எப்படியோ விலகி வெளியே போனது. மற்றவையும் அதைப் பார்த்துத் திரும்பின. எல்லாம் கரையோரமாகக் கிழக்கே ஓடின. கடல் புகைமூட்டமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சூசையண்ணையின் தொலைபேசி எடுபடவில்லை. டிலானியின் தொலைபேசி என் கைப்பையில் இருந்தது, நனைந்துவிடும் என்று காலையில் நானே வாங்கி வைத்தது.

இரண்டு எழுதுவினைஞர்களை மோட்டார் சைக்கிளில் கரையோரம் அனுப்பினேன். நான் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். கந்தோர் ஜீப் நின்றது, சாரதியும் நின்றார். அது விருந்தினரைத் தீவுக்கு வரும் பாலத்தடியில் எதிர்கொண்டு கூட்டி வருவதற்கு. நான் மாலைத் தட்டோடு நின்றேன். பக்கத்தில் நின்ற உத்தியோகத்தர் பெண், "மிஸ், கொஞ்சம் இருங்கோவன்," என்று கதிரையை இழுத்தாள். முன்வரிசைக் கதிரை. "அது அவையளுக்கு," என்று சொன்னேன். என் வாயிலிருந்து வந்த சொல்தான்.

பதினொரு மணிக்கு விருந்தினர் வந்தார். இறங்கி, கடலைப் பார்த்து, "படகு ஒண்டையும் காணேல்லையே?" என்றார்.

நான் சொன்னேன். படகுகள் கிழக்கே அடித்துப் போய்விட்டன, இன்னும் தகவல் இல்லை, ஒரு பாடசாலைப் பிள்ளையும் உள்ளே என்று சொன்னேன். என் பிள்ளை என்று சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன், விழாவில் அழக்கூடாது.

"கடற்படைக்கு அறிவிச்சாச்சோ?" என்று கேட்டார். அறிவித்தாயிற்று என்றார் செயலாளர். அறிவித்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். அவர் ஒதுங்கி நின்று தொலைபேசியை எடுத்ததை நான் கண்டேன். எனக்கும் அதுவரை அந்தப் புத்தி வரவில்லை.

பிறகு விருந்தினர் நாடா வெட்டினார். பெயர்க்கல்லைத் திரைநீக்கம் செய்தார். உயிர்காப்பு அங்கி வழங்க வேண்டிய கட்டம் வந்தது. வாங்க வேண்டிய மீனவர்கள் கடலில். செயலாளர் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆரையும் நிப்பாட்டுங்கோ," என்றார். எங்கள் கணக்காளர், களஞ்சியப் பொறுப்பாளர், கிராம அலுவலர், பந்தல்காரர் என்று பத்துப் பேர் வரிசையில் வந்து கும்பிட்டு வாங்கினார்கள். படத்துக்காக அணிந்தும் காட்டினார்கள். அந்தப் படம் இன்னும் கந்தோர்ச் சுவரில் இருக்கிறது. உங்கள் மேசைக்கு மேலே. கரையில் நின்ற பத்துப் பேர், வயிற்றுக்கு மேலே செம்மஞ்சள் பட்டி இறுக்கி, மூழ்கிவிடாமல் சிரிக்கிறார்கள். நீங்கள் அதை ஒரு வெற்றித் திட்டத்தின் படம் என்று நினைத்திருப்பீர்கள்.

பன்னிரண்டுக்கு முன்னமே விருந்தினர் போய்விட்டார். ஜீப்பும் பாலம்வரை அவரை வழியனுப்பப் போனது.

நான் ஏன் ஐம்பத்திரண்டு வயதில் முன்கூட்டியே ஓய்வு எடுத்தேன் என்று கந்தோரில் பல கதை உண்டு. நீரிழிவு என்பார்கள். மகள் இப்போது மட்டக்களப்புப் பக்கம் வேலை செய்கிறாள், நன்றாக இருக்கிறாள். ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டு யன்னல் அடித்தால் நான் அவளுக்கு அழைப்பேன். அவள் கடலிலிருந்து பத்து மைல் தள்ளி ஒரு கட்டடத்துக்குள் இருப்பாள். "காத்து அடிக்குதோ அம்மா?" என்று கேட்டுவிட்டு, நான் வைக்கும்வரை வைக்கமாட்டாள். எனக்கு அது போதாது. ஐந்து நிமிடத்தில் மீண்டும் அழைப்பேன்.

உங்களுக்கு ஒன்றுதான் சொல்ல முடியும். அரை மணித்தியாலம் பொறுக்கச் சொல்லி மேலிருந்து யாராவது சொன்னால், அந்த அரை மணித்தியாலம் எங்கே, யாருடைய உடம்பில் கழியப்போகிறது என்று முதலில் பாருங்கள். உங்களுடைய உடம்பில் என்றால் தாராளமாக "ஓம் சேர்" சொல்லுங்கள்.

அன்று பன்னிரண்டரை இருக்கும். பந்தல்காரர் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கிழக்கே மணல் பாதையில் உழவு இயந்திரச் சத்தம் கேட்டது. நான் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது.

பெட்டியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடுவில் சூசையண்ணை கிடந்தார். கரைக்கு ஏற்றும்போது படகு புரண்டு காலில் விழுந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு துடுப்பு வைத்து வலைக்கயிற்றால் கட்டியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். மற்ற எல்லோரும் உயிரோடு கரையேறிவிட்டார்கள் என்று உழவு இயந்திரம் ஓட்டியவர் கத்திச் சொன்னார். தலைமாட்டில் சூசையண்ணையின் மனைவி எமில்டா. செய்தி கேட்டு வடகரை வாடியிலிருந்து உழவு இயந்திரத்தைக் கொண்டு வந்தவர். அவருக்குப் பக்கத்தில், அவருடைய சீலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, உதடு வெளிறிப்போய் டிலானி. அவளுடைய இரண்டு கையும் சூசையண்ணையின் காலைப் பெட்டி குலுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தன. என்னைக் கண்டாள். கையை எடுக்கவில்லை.

எமில்டா வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறார், குரல் கம்மியிருந்தது. நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவதைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அந்தா, வந்திட்டா துரைசாணி. பிள்ளை, நல்லாப் பாத்து வை. இவதான் உங்களைக் கடலுக்க நிக்க வச்சவ. மிதக்கிற சட்டை ஒண்டு கேட்டதுக்குக் குடுக்காதவ. நான் படிக்காதனான், எனக்குக் கதைக்கத் தெரியாது. நீ வீட்ட போய் உன்ர தாயைக் கூட்டிக்கொண்டு வா. பெத்தவ வந்து இவவிட்டக் கேக்கட்டும்."

டிலானி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"இவதான் அன்ரி என்ர அம்மா."